பந்து வேகம் அளக்க எதை வாங்குவது: மணிக்கட்டு சென்சாரா, ரேடார் கன்னா, கையிலிருக்கும் போனா?

“எம் பையன் எவ்வளவு ஸ்பீடு போடுறான் சார்?” கிரிக்கெட் பயிற்சி நெட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோரின் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்று ஒரு கோச்சுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: மணிக்கட்டில் கட்டும் மோஷன் சென்சார், ரேடார் கன், ஸ்லோ மோஷன் எடுக்கும் போன், உள்ளே சிப் வைத்த பந்து. விளம்பரங்களை நம்பினால் நான்கும் ஒரே வேலையைச் செய்கின்றன. உண்மையில் ரேடார் பந்தை அளக்கிறது. போன் நேரத்தை அளக்கிறது, தூரத்தை நாம் அளந்து கொடுக்கிறோம். மணிக்கட்டு சென்சார் கையை அளந்துவிட்டுப் பந்தைப் பற்றி ஊகிக்கிறது. காசு கொடுக்கும் முன் இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இருபது முப்பது பிள்ளைகள் வரும் சென்னை அகாடமிக்கு வேகம் என்ற எண் வேண்டுமானால் ரேடார் கன். அதற்குப் பணம் இல்லையென்றால் போன், முக்காலி, முப்பது மீட்டர் டேப், கொஞ்சம் சுண்ணாம்பு. மணிக்கட்டு சென்சாரை வேகத்துக்காக மட்டும் வாங்குவது வீண் செலவு. வேறு இரண்டு வேலைகளுக்கு அது உருப்படியான பொருள்.

கையை அளந்தால் பந்து தெரியுமா

மணிக்கட்டில் கட்டும் சென்சார் பட்டைக்குள் இருப்பவை இரண்டு: முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டர், சுழற்சியை அளக்கும் கைரோ. பௌலிங்கில் கை ஏறக்குறைய நேராக இருப்பதால் கணக்கு எளிதாகத் தெரியும். தோளிலிருந்து பந்து வரையுள்ள நீளத்தைக் கையின் சுழற்சி வேகத்தால் பெருக்கி, அதோடு தோள் முன்னால் போகும் வேகத்தைக் கூட்டினால் பந்தின் வேகம் வந்துவிட வேண்டும். ஒரு பையனுக்கு அந்த நீளம் 0.75 மீட்டர், கை நொடிக்கு 1,680 டிகிரி சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கை தரும் பங்கு நொடிக்கு 22 மீட்டர், அதாவது மணிக்கு 79 கி.மீ. மீதி ரன்-அப்பிலிருந்தும், உடம்பின் திருப்பத்திலிருந்தும், மணிக்கட்டும் விரலும் கடைசி நொடியில் கொடுக்கும் தள்ளலிலிருந்தும் வருகிறது. அந்த மீதியைப் பட்டை நேரடியாகப் பார்ப்பதே இல்லை.

பார்க்கக்கூடியதையும் மலிவு சில்லு கோட்டைவிடும். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், இந்த இரண்டும் சேர்ந்த எம்பியு-6050 மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி புராஜெக்ட்டுகள் பலவற்றில் இதுதான். கரண்ட் கொடுத்தவுடன் அது நிற்கும் வரம்பு 2 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு), நொடிக்கு 250 டிகிரி. முழுதாக ஏற்றினாலும் 16 ஜி, 2,000 டிகிரி. மேலே சொன்ன பையனின் மணிக்கட்டு தோளிலிருந்து 55 செ.மீ. தள்ளி இருந்தால் அங்கே மைய நோக்கு முடுக்கம் கிட்டத்தட்ட 48 ஜி. ஆக, பந்து கையைவிட்டுப் போகும் அந்த முக்கியமான கணத்தில் ஆக்சிலரோமீட்டர் 16-இல் முட்டி, தட்டையான கோடு ஒன்றை வரைந்துகொண்டிருக்கும். கிராஃபில் மலை உச்சியை அரிவாளால் சீவியதுபோல் இருந்தால் காரணம் இதுதான். அந்தத் தரவை எந்த மெஷின் லேர்னிங்கில் போட்டாலும் சீவிய உச்சி திரும்ப முளைக்காது.

இரண்டாவது பொறி ஃபில்டர். வேகமான மாற்றங்களை வடிகட்டிவிடும் இது சில்லுக்குள்ளேயே இருக்கிறது; இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் பலவற்றில் இந்த உள் ஃபில்டர் 5 அல்லது 21 ஹெர்ட்ஸில் வைக்கப்பட்டிருக்கும். மேசையில் சாய்த்துப் பார்க்க அது சரி. பௌலரின் கை உச்ச வேகத்தில் இருப்பது ஒரு நொடியின் சிறு பின்னம்; 5 ஹெர்ட்ஸ் ஃபில்டர் அந்த உச்சத்தை வழித்துத் தள்ளிவிடும். உள் ஃபில்டரைத் திறந்துவிட்டு, நொடிக்குக் குறைந்தது 500 முறை பதிவு செய்ய வேண்டும். 1,000 என்றால் இன்னும் நல்லது.

சொந்தமாகச் செய்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை: 30 ஜி, 4,000 டிகிரி வரை போகும் ஐசிஎம்-20649 சென்சார், கூடவே 200 ஜி வரை தாங்கும் ஏடிஎக்ஸ்எல்375 ஆக்சிலரோமீட்டர், தரவைச் சேர்த்து அனுப்ப ஒரு ஈஎஸ்பி32 கன்ட்ரோலர், சின்ன லித்தியம் பாலிமர் பேட்டரி. கைரோதான் முதன்மை அளவு. 200 ஜி சில்லு அதற்குச் சாட்சி. ப்ளூடூத்தில் நேரலையாக அனுப்ப முயலாதீர்கள். ஆறு அச்சு, அச்சுக்கு இரண்டு பைட், நொடிக்கு 1,000 முறை என்றால் நொடிக்கு 12,000 பைட். பக்கத்து நெட்டில் நான்கு பேர் நடுவில் நின்றால் தரவுப் பொட்டலங்கள் விழுந்துவிடும், விழுவதும் சரியாக உச்சத்தில்தான் விழும். கடைசி இரண்டு நொடித் தரவைச் சில்லின் நினைவகத்திலேயே சுழற்சியாக வைத்துக்கொண்டு, பந்து போட்ட பிறகு மொத்தமாக அனுப்புவதே பாதுகாப்பு.

கட்டும் இடம் மணிக்கட்டு எலும்பு மேட்டிலிருந்து முழங்கை நோக்கி மூன்று விரல் தள்ளி, கையின் வெளிப்பக்கம். ஒரு அச்சு முன்கையின் நீளவாக்கில் இருக்க வேண்டும். வேகக் கணக்கில் அந்த நீளவாக்கு அச்சின் சுழற்சியைச் சேர்க்கக் கூடாது. உள்ளங்கை திரும்புவதால் அந்த அச்சில் பெரிய எண் வரும். அது பந்துக்கு வேகம் கொடுப்பதில்லை. மற்ற இரண்டு அச்சுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். இப்படிச் செய்தால் பட்டை கையைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பிப் போனாலும் விடை மாறாது. மேலும் கீழும் வழுக்கினாலும் கைரோவுக்குக் கவலையில்லை, ஏனென்றால் முன்கை முழுதும் ஒரே சுழற்சிதான். ஆக்சிலரோமீட்டருக்குத்தான் தோளிலிருந்துள்ள தூரம் முக்கியம்: 55 செ.மீ.யில் 2 செ.மீ. வழுக்கினால் முடுக்கம் 3.6 சதவீதம் மாறும். அதிலிருந்து வர்க்கமூலம் எடுத்துச் சுழற்சி கண்டால் பிழை பாதியாகிவிடும், அது ஒரு ஆறுதல்.

ஆனால் பட்டை தளர்ந்து ஆட ஆரம்பித்தால் எல்லாம் போச்சு. சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் ஆறாவது ஓவரிலேயே முன்கை வியர்வையில் நனைந்துவிடும், வெல்க்ரோ மட்டும் நிற்காது. 25 மி.மீ. எலாஸ்டிக் பட்டை போட்டு, அதன்மேல் தன்னோடு தானே ஒட்டும் பேண்டேஜ் துணியை இரண்டு சுற்று சுற்றுங்கள். மொத்த எடை 20 கிராமுக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பதிமூன்று வயசுப் பையன் கையை மாற்றிச் சுழற்றுவான், அப்புறம் அளப்பது அவன் பௌலிங்கை அல்ல.

கடையில் வாங்கும் ஸ்மார்ட்வாட்ச் போதாதா? வன்பொருளில் சில வாட்ச்கள் தாராளமாகத் தேறும். ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 8-இல் 256 ஜி வரை அளக்கும் ஆக்சிலரோமீட்டர் இருக்கிறது; நொடிக்கு 800 முறை முடுக்கமும் 200 முறை அசைவும் எடுத்துக் கொடுக்கும் வசதியை ஆப்பிள் செயலி எழுதுபவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் செயலி அந்த வசதியைப் பயன்படுத்துகிறதா என்பது வேறு கேள்வி. அத்தனை விலை கொடுத்த வாட்ச்சைப் பந்து போடும் கையில் கட்டி நெட்டுக்குள் அனுப்ப எத்தனை அப்பாக்கள் சம்மதிப்பார்கள் என்பது இன்னொரு கேள்வி.

கேலிப்ரேஷன் இல்லாமல் எண் இல்லை

பட்டை சொல்லும் எண்ணை கி.மீ. ஆக மாற்ற, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். அதற்கு ரேடார் கன் வேண்டும். இதுதான் இந்த வியாபாரத்தின் வேடிக்கை: ரேடாருக்குப் பதிலாக வாங்கிய பொருளை நம்ப ரேடார் தேவைப்படுகிறது.

செய்யும் முறை இது. ஒரு பையனுக்கு 30 பந்து. பத்து மெதுவாக, பத்து நடுத்தரமாக, பத்து முழு பலத்தில். எல்லாவற்றையும் முழு பலத்தில் போடச் சொன்னால் வேகங்கள் ஐந்தாறு கி.மீ. வட்டத்துக்குள் குவிந்துவிடும், கோடு எந்தச் சாய்வில் போகிறது என்றே தெரியாது. ரேடார் வேகம் ஒரு பக்கம், கைச் சுழற்சி உச்சம் கை நீளத்தோடு பெருக்கிய எண் மறு பக்கம் வைத்து எக்ஸெலில் நேர்கோடு போடுங்கள். பிறகு வேறொரு நாள், பட்டையைக் கழற்றி மறுபடி கட்டி, 12 பந்து போட்டு அந்தக் கோடு தாங்குகிறதா என்று சோதியுங்கள். அதே நாள் பந்துகளைப் பிரித்துச் சோதித்தால் முடிவு அழகாகத்தான் வரும், ஏனென்றால் பட்டை அசையவே இல்லை. பையன் வளர்ந்தால், ரன்-அப் மாறினால், கோடு காலாவதி. பதின்ம வயதில் இரண்டும் அடிக்கடி நடக்கும்.

அவ்வளவும் செய்த பிறகும் ஒரு பந்து பட்டையை ஏமாற்றும். சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையில் பிராவோ போட்ட ஸ்லோயர் பந்துகளை நினைத்துப் பாருங்கள். அந்தப் பந்தின் வித்தையே கை வேகம் குறையாமல் பந்து வேகம் குறைவதுதான். பேட்ஸ்மேன் கையைப் பார்த்து ஏமாறுகிறார். மணிக்கட்டு சென்சாரும் கையைத்தான் பார்க்கிறது. விரலிடுக்கில் பந்தைப் பிதுக்கிவிடும் நக்கிள் பால், புறங்கை ஸ்லோயர், கட்டர் எல்லாவற்றுக்கும் பட்டை வழக்கமான வேகத்தைத்தான் காட்டும். பதிரனாபோல் கையைத் தாழ்த்திச் சுழற்றும் ஆக்ஷன் என்றால் தோளும் உடம்பும் தரும் பங்கின் விகிதமே வேறு. ஒருவருக்குப் போட்ட கோடு அடுத்தவருக்குச் செல்லாது.

ஃபீல்டிங் த்ரோ இன்னும் சிக்கல். அங்கே முழங்கை மடங்கி விரிகிறது, மேற்கை தன் அச்சிலேயே சுழல்கிறது. பேஸ்பால் பிட்சர்களின் தோள் உட்சுழற்சி நொடிக்கு 7,000 டிகிரியைத் தாண்டுவதாக அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் முழங்கைப் பட்டையில் விற்கும் சென்சார்கள் கை வேகத்தையும் முழங்கையில் விழும் திருகு விசையையும் முன்னிறுத்துவதற்குக் காரணம் உண்டு: அவற்றால் நேர்மையாகச் சொல்லக்கூடியது அதுதான்.

ரேடார் கன்: எண் சரி, நிற்கும் இடம் முக்கியம்

ரேடார் கன் பந்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கணக்கிடுகிறது. 24 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்யும் கன்னில் பந்தின் ஒவ்வொரு கி.மீ. வேகத்துக்கும் சுமார் 45 ஹெர்ட்ஸ் மாற்றம் வரும். பையனின் உயரம், கை நீளம், ஆக்ஷன் எதுவும் அதற்குத் தேவையில்லை. புஷ்னெல், பாக்கெட் ரேடார் மாதிரி கையடக்கக் கருவிகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் துல்லியம் மணிக்கு ஒரு மைல், அதாவது 1.6 கி.மீ. கூடவோ குறையவோ. விலை ஐந்து இலக்கம். போட்டி ஒளிபரப்பில் வைக்கும் தரம் என்றால் லட்சங்களில் போகும், அகாடமிக்கு அது வேண்டாம்.

தப்பு நடப்பது பெரும்பாலும் கோணத்தில். பந்து வரும் கோட்டுக்குப் பக்கவாட்டில் நின்றால் கன் குறைத்துத்தான் காட்டும்: 10 டிகிரி விலகலில் 1.5 சதவீதம், 20 டிகிரியில் 6, 30 டிகிரியில் 13.4. நிஜத்தில் 120 போட்ட பையனுக்கு 20 டிகிரி தள்ளி நின்று பார்த்தால் 113 வரும். பக்கத்து நெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அளப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கன் வைக்க நல்ல இடம் கீப்பர் நிற்கும் பக்கம், வலைக்கு வெளியே, ஸ்டம்ப் கோட்டில், இடுப்பு உயரத்தில் முக்காலி. பேட்ஸ்மேன் இல்லாமல் அளக்க வேண்டும், ஏனென்றால் சுழலும் பேட்டும் கன்னுக்கு ஒரு வேகமான பொருள்தான்.

மழைக்காலத்தில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பலர் இன்டோர் நெட்டுக்கு மாறிவிடுவார்கள். அங்கே எதிரி ஃபேன். 1,200 மி.மீ. சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று ஓடினால் இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 79 கி.மீ. அண்டர்-13 பையன் போடும் வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண். யாரும் பந்து போடாதபோதே கன்னில் எண் வந்தால் ஃபேனை நிறுத்திப் பாருங்கள், கன்னில் கீழ் வரம்பு வைக்கும் வசதி இருந்தால் உயர்த்துங்கள். டியூப் லைட்டும் சில சமயம் இதே தொல்லை தரும்.

ரேடாரின் உண்மையான குறை, அது எண்ணை மட்டும் சொல்லும். ஏன் வேகம் குறைந்தது என்று சொல்லாது. ஒரு ஆள் கன்னோடு நிற்கவும் வேண்டும்.

போன்: இலவசம், ஆனால் டேப் பிடிக்கணும்

நொடிக்கு 240 ஃப்ரேம் (தனிப் படம்) எடுக்கும் போன் இருந்தால் நம்பகமான எண் கிடைக்கும். பந்து கையைவிடும் இடத்திலிருந்து குத்தும் இடம் வரை தூரம், அதற்கு ஆன ஃப்ரேம்கள், வகுத்தல். அவ்வளவுதான். ஸ்டம்பிலிருந்து ஸ்டம்ப் 20.12 மீட்டர்; பௌலிங் பக்க க்ரீஸ் 1.22 மீட்டர் முன்னால். பேட்டிங் ஸ்டம்பிலிருந்து 6 மீட்டரில் குத்தினால் பந்து கடந்தது 12.9 மீட்டர். காற்றில் வேகம் குறைவதையும் சேர்த்தால் 120 கி.மீ. பந்துக்கு அது ஏறக்குறைய 97 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் தவறினால் பிழை ஒரு சதவீதம். குத்திய இடத்தை 30 செ.மீ. தப்பாகக் கணித்தால் பிழை 2.3 சதவீதம். அதனால் குட் லெங்த் பகுதியில் அரை மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள், கேமராவைப் பிட்ச் நடுவுக்கு நேராகப் பக்கவாட்டில், முக்காலியில் வையுங்கள். சாதாரண 30 ஃப்ரேம் வீடியோவில் இதைச் செய்தால் கிடைப்பது 12 ஃப்ரேம், ஒன்று தவறினால் 8 சதவீதம். அது விளையாட்டுக்கு.

ஷட்டரைக் கையால் அமைக்க முடிந்தால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வையுங்கள். 240-இல் ஒரு பங்கில் விட்டால் 120 கி.மீ. பந்து 14 செ.மீ. நீளக் கோடாகத் தெரியும். பந்தே 7 செ.மீ.தான். ஃபோகஸைப் பிட்ச்சில் பூட்டாவிட்டால் போன் வலைக் கண்ணியைப் பிடித்துக்கொள்ளும். மாலை லைட்டில் எடுத்தால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மின்னும், பந்து சில ஃப்ரேம்களில் காணாமல் போகும். காலை ஏழு மணி வெளிச்சம் நல்லது. உச்சி வெயிலில் போன் சூடாகிப் பதிவை நிறுத்திவிடும்.

உங்கள் போன் நிஜமாகவே 240 எடுக்கிறதா, இடையில் ஃப்ரேம்களைச் செயற்கையாக நிரப்புகிறதா என்று பார்க்க, சரியாக 2 மீட்டர் உயரத்திலிருந்து பந்தைக் கீழே விடுங்கள். விழ 0.64 நொடி ஆகும். 153 ஃப்ரேம் வர வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். பந்தின் விளிம்பு இரட்டையாகவோ கலங்கியோ தெரிந்தால் அது நிரப்பிய ஃப்ரேம்.

ஒரு விஷயம் மறக்கக் கூடாது: போன் தருவது சராசரி வேகம். லெதர் பந்து குத்தும் முன்பே காற்றில் சுமார் 8 சதவீதம் இழக்கிறது, ஆகவே சராசரி, கையைவிடும் வேகத்தைவிட ஏறக்குறைய 4 சதவீதம் குறைவு. டிவியில் காட்டுவது கையைவிடும் வேகம். 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தரின் 161.3 என்பதும் அதுதான். போனில் 115 வந்த பையனை டிவி கணக்கில் 120 என்று சொல்லலாம். டென்னிஸ் பந்துக்கு இந்தத் திருத்தம் போதாது. அதன் எடை 58 கிராம் அளவுதான், லெதர் பந்து 156-லிருந்து 163 கிராம். அதனால் காற்று இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாக அதை இழுத்து நிறுத்தும். மெரினா மணலில் கடல் காற்றை எதிர்த்துப் போட்ட டென்னிஸ் பந்தின் சராசரியை வைத்து யாரையும் எடை போடாதீர்கள்.

சிப் வைத்த பந்து

கூக்கபுரா 2019-இல் அறிமுகப்படுத்திய ஸ்மார்ட்பால் கையைவிடும்போதும், குத்தும் முன்னும் பின்னும் வேகத்தைச் சொல்லும் என்று வந்தது. யோசனை அருமை. ஆனால் பந்து என்பது தேயும் பொருள். ஒரு நெட்டில் ஒருவருக்கு ஒரு பந்து என்று ஓடும் அகாடமியில் இது கட்டுப்படியாகாது. சொந்தமாகச் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எண்: 2,000 டிகிரி கைரோ தாங்கும் சுழற்சி நிமிடத்துக்கு 333 மட்டுமே. நல்ல ஸ்பின்னர் அதைப் பல மடங்கு தாண்டுவார்.

அப்படியானால் பட்டை எதற்கு

முதல் வேலை எண்ணிக்கை. வேகப்பந்து போடும் பிள்ளைகளுக்குக் கீழ் முதுகெலும்பில் வரும் அழுத்த முறிவு பெரும்பாலும் பந்து எண்ணிக்கையோடு தொடர்புடையது. பையன் காலையில் அகாடமியில், மதியம் பள்ளி அணியில், மாலையில் தெரு மேட்ச்சில் போடுவான். மொத்தத்தை யாரும் எண்ணுவதில்லை. பட்டை அதைத் தப்பாமல் எண்ணும், 16 ஜி-யில் முட்டும் மலிவு சில்லு இதற்கு நன்றாகவே போதும். இரண்டாவது, ஒரே ஆளை அவரோடே ஒப்பிடுவது. நான்காவது ஓவருக்குப் பிறகு கைச் சுழற்சியின் உச்சம் தொடர்ந்து 5 சதவீதம் இறங்கினால் அவர் களைத்துவிட்டார் என்று படிக்கலாம். கி.மீ. கணக்கு அதற்குத் தேவையே இல்லை.

எதற்கு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். முழங்கை விதி அனுமதிக்கும் 15 டிகிரிக்கு மேல் விரிகிறதா என்று ஒரு மணிக்கட்டுப் பட்டை சொல்லவே முடியாது, மேற்கையிலும் ஒன்று கட்டினால்தான் கோணத்தின் ஜாடையாவது தெரியும். சந்தேகம் பெரிதாக இருந்தால் போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் 2014-இல் ஐசிசி அங்கீகாரம் பெற்ற பயோமெக்கானிக்ஸ் ஆய்வகம் இருக்கிறது. அந்த வேலைக்குப் பட்டைத் தரவை யாரும் கேட்க மாட்டார்கள்.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதல் மூன்று மாதம் போன் மட்டும், மாதம் ஒரு காலை, ஆளுக்கு ஆறு பந்து, சிறந்த மூன்றின் சராசரி. அந்த நோட்டுப் புத்தகம் ஒழுங்காக நிரம்பினால் கையடக்க ரேடார் ஒன்று. இரண்டு மூன்று அகாடமிகள் சேர்ந்து வாங்கிச் சுழற்சியில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, மாதம் ஒரு நாள் வேலைக்குத்தானே. பட்டை கடைசியில், அதுவும் வாரம் மூன்று நாளுக்கு மேல் வேகப்பந்து போடும் நான்கைந்து பேருக்கு மட்டும். நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எதால் அளந்தது, பந்து எது, கன் எந்தப் பக்கம் நின்றது என்று மூன்று சொல் எழுதுங்கள். போனில் 108, ரேடாரில் 112 என்றால் பையன் வேகம் கூடியிருக்க வேண்டியதில்லை.